குளியலறைக் கதவில் ஒரு பொட்டு

மே 10, சனி. புதுச்சேரி

பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு இந்த டைரி. யூகேஜி முடித்ததற்கு என் தம்பிக்குக் கிடைத்த பரிசு பிரான்ஸ். யாரும் இதைத் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

"போற எடத்துல நடக்கறதெல்லாம் எழுதி வைம்மா ஆதிரை. பின்னால படிச்சா சந்தோஷமா இருக்கும்" என்றார் அப்பா. அவர் மின்துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே உட்கார்ந்து தம்பியின் சென்டிமீட்டர் படிப்பவர்.

தம்பியின் பெயர் நெடுமாறன். பெயரில்தான் நெடு, ஆள் அரைப்புள்ளி. மாறன் என்று கூப்பிடுவோம். பாரிசில் இருக்கிற மரகதம் அத்தை (அப்பாவுக்கு அக்கா) போன வருடம் ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் பச்சை டிராகன் என்று ஒரு ரயில், மலைமேல் ஏறி மூக்கால் புகை விட்டுக்கொண்டு விழுகிறது. நூற்றைந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். அன்றிலிருந்து மாறன் இரண்டு வேளை பால் குடிக்கிறான், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான், ஞாயிறுதோறும் அடுக்களைக் கதவில் முதுகை ஒட்டி நிற்கிறான். அப்பா பென்சிலால் கோடு போடுகிறார். கதவு பஸ் டிக்கெட் மாதிரி கோடு கோடாக இருக்கிறது.

நாளைக்குக் கிளம்புகிறோம் என்பதால் இந்த வாரக் கோடு சனிக்கிழமையே விழுந்தது: நூற்றைந்து.

"முடியோட சேத்துதானேப்பா? அங்க முடிய அமுக்கித்தான் அளப்பாங்க" என்றேன். மாறன் பாத்ரூமுக்குள் ஓடி, தலையைத் தண்ணீரில் நனைத்து அமுக்கிக்கொண்டு வந்து மறுபடி நின்றான். அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள். பிறகு பெட்டிக்குள் காய்ந்த மிளகாயை மூன்று உறைகளில் மடித்து வைத்தாள். மூன்று வேளையும் ரொட்டி தின்று நாக்கு செத்துப்போகுமாம்.

மாறனைப் பற்றி ஒரு தகவல்: நான் எதைச் சொன்னாலும் நம்புவான். தர்பூசணி விதையை விழுங்கினால் காது வழியாகக் கொடி வரும் என்று ஏப்ரலில் சொன்னேன். இரண்டு நாள் காதைத் தடவிக்கொண்டே திரிந்தான்.

மே 12, திங்கள். அத்தை வீடு

இங்கே ரொட்டிகூட நெட்டை. அத்தை வாங்கி வந்த ரொட்டியை மாறனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இவனுக்கு முன்னாடி இது டிராகன்ல ஏறிடும் போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாறன் மட்டும் சிரிக்காமல் ரொட்டியை அளந்து பார்த்தான். அவன் மார்புக்குக் கீழேதான் வந்தது. நிம்மதியாக அதன் தலையைக் கடித்தான்.

"ஏண்டி, வந்த எடத்துலயும் அவன வம்புக்கு இழுக்கற?" என்றாள் அத்தை.

அம்மா ரசம் வைத்தாள். அத்தை ஜன்னலையெல்லாம் திறந்தாள். "தேன்மொழி, இங்கல்லாம் வாசனை அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது" என்றாள். "சரிங்கண்ணி" என்று அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. சூரியனுக்கும் ஊர் மாறித் தூக்கம் வரவில்லை போல.

மே 13, செவ்வாய். பூங்கா, முதல் நாள்

கால் வலிக்கிறது. எனக்குப் பிடித்த ரைடு தலைகீழாக ஐந்து தடவை சுற்றுகிறது. துணைக்கு யாரும் வரவில்லை, தனியாகவும் விடவில்லை. "தம்பியப் பாத்துக்கோ" என்ற வாக்கியத்தை இன்று பதினொரு முறை கேட்டேன். எண்ணினேன்.

தம்பியைப் பார்த்துக்கொள்வது என்றால், சுற்றுகிற பீங்கான் கோப்பைக்குள் அவனோடு நான்கு தடவை உட்காருவது. என்ன கத்து கத்துகிறான்! கோப்பை சுற்ற ஆரம்பிக்கும் முன்பே தொடங்கி, நின்ற பிறகும் நிறுத்தாமல். பக்கத்துக் கோப்பை அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா வெளியே நின்று, "கத்துடா ராஜா, கத்து!" என்று கையை ஆட்டினார். என் பத்தாம் வகுப்பில் ஒரு நாள்கூட அவர் அப்படிக் கை ஆட்டியது கிடையாது. தேர்வறையில் ஆட்ட முடியாது, அது வேறு விஷயம்.

பச்சை டிராகனுக்கு இரண்டு மணி நேர வரிசை. வாசலில் மரத்தில் செய்த குட்டி டிராகன் ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கை தலையில் பட்டால் உள்ளே, படாவிட்டால் வெளியே. "ஒரே ஒரு தடவ நின்னு பாத்துட்டு வரேம்ப்பா" என்று மாறன் துள்ளினான்.

"நாளைக்குடா கண்ணு. கதவு தொறந்ததும் மொத ஆளா நிப்போம். இப்ப அத்தைக்கு முட்டி போச்சு" என்றாள் அத்தை.

வாசலில் அவனுக்கு ஒரு சிவப்பு பலூன் வாங்கினார்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள அந்தப் பலூனையே கொடுத்தார்கள்.

பூங்காவை ஒட்டிய விடுதியில் மூன்று நாளைக்கு அறை. மூலையில் சின்ன மின்சார அடுப்பு இருக்கிறது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தைக்குப் பக்கத்து அறை. வந்ததும் மாறன் அளக்கச் சொன்னான். அப்பா பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தார். மீட்டர் படிப்பவருக்கு விடுமுறையே இல்லை. விடுதிக் கதவில் பென்சிலால் கிறுக்கக் கூடாதே என்று, அம்மா நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்துக் குளியலறைக் கதவில் அவன் உச்சந்தலை நேராக ஒட்டினாள்.

"நூத்தி அஞ்சரை! டேய், வரிசையில நின்னே வளந்துட்டியேடா!" என்றார் அப்பா. எல்லோரும் கை தட்டினார்கள். மாறன் கட்டில்மேல் ஏறிக் குதித்துக் கத்தினான். பக்கத்து அறையிலிருந்து அத்தை சுவரைத் தட்டினாள்.

சாப்பிடக் கீழே இறங்கும்போது, போனை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். பொட்டு இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது. தானாக அல்ல.

மே 14, புதன். இரண்டாம் நாள்

காலையில் பலூன் சுருங்கிக் கத்தரிக்காய் ஆகியிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி மாறன் நேராகக் குளியலறைக் கதவுக்குப் போய் நின்றான். தலைமேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே திரும்பிப் பார்த்தான். பொட்டு மேலே இருந்தது.

"அக்கா, நான் கொறஞ்சிட்டேன்."

அம்மாவும் அப்பாவும் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கையிலிருந்த பலூனைத் தொட்டுக் காட்டினேன். "நேத்து கோப்பையில எவ்ளோ கத்தின? காத்து போயிடுச்சு. நாமளும் பலூன் மாதிரிதாண்டா. பேசினா கொஞ்சம் போகும். கத்தினா நெறைய போகும்."

அவன் பலூனைப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். என் வாழ்நாள் சாதனை என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடி எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிட்டேன்.

ஒன்பதரைக்குப் பூங்கா திறந்தது. இலைகூட அசையாத நல்ல வெயில். டிராகனுக்குப் பத்து நிமிட வரிசைதான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மரடிராகனுக்குப் பத்தடி முன்னால் மாறன் நின்றுவிட்டான். தலையை ஆட்டினான்.

"என்னடா? இதுக்குத்தானேடா வந்தோம்?"

மறுபடி தலையாட்டல். வாய் திறக்கவில்லை.

"பயமா இருக்கா? அப்பா பக்கத்துலயே உக்காருவேன்டா. புடிச்சிக்கறேன்."

ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். டிராகன் பாதிக் காலி இருக்கையோடு மலையேறி, புகை விட்டு, விழுந்து, திரும்பி வந்தது. அப்பா ஏழு ரயில் போகும்வரை நின்று பார்த்தார்.

நாள் முழுக்கப் பேசவில்லை. பசித்தால் வயிற்றைக் காட்டினான், ஒன்றுக்கு வந்தால் கால்களைப் பின்னினான். அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. "நேத்து அந்தக் கத்து கத்தினான்ல, தொண்டை கட்டியிருக்கும்" என்றாள் அத்தை. எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது. ஆனால் காலையில் வந்த அளவுக்கு வரவில்லை.

மாலை எல்லோரும் கீழே போனதும் பொட்டைப் பிய்த்து, பழைய இடத்துக்கும் ஒரு விரற்கடை கீழே ஒட்டினேன். விடிந்ததும் வளர்ந்திருப்பான். ஓடிப்போய் ஏறுவான். விஷயம் முடிந்தது. நோய் கொடுத்தவளே மருந்தும் கொடுக்கிறாள், வேறென்ன வேண்டும்?

மே 15, வியாழன். மூன்றாம் நாள்

மருந்து வேலை செய்துவிட்டது. அதுதான் கோளாறு.

காலையில் கதவருகே நின்று பார்த்தவன் இருந்த இடத்திலேயே குதித்தான், சத்தமே இல்லாமல், மௌனப் படம் மாதிரி. என்னிடம் ஓடி வந்தான். மூடிய வாயைச் சுட்டிக் காட்டினான், பொட்டைக் காட்டினான், கட்டைவிரலை உயர்த்தினான். பேசாமல் இருந்ததால்தான் வளர்ந்தானாம்! இப்படி ஒரு கணக்கு அவன் போடுவான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"அப்ப டிராகன்ல போலாமாடா?" என்றேன்.

வாயை ஆவென்று திறந்து கத்துவதுபோல் நடித்துக் காட்டினான். பிறகு இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து பொட்டென்று சேர்த்தான். ஏறினால் கத்திவிடுவான். கத்தினால் போய்விடும்.

பூங்காவில் அப்பாவும் அம்மாவும் ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது அவன் முன்னால் மண்டிபோட்டேன். "டேய், இங்க பாரு. நீ கொறையவும் இல்ல, வளரவும் இல்ல. அந்தப் பொட்ட நான்தான் நகத்தினேன். சும்மா வெளையாட்டுக்கு. அம்மா மேல சத்தியமா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, சுருள் சுருளாக வெளியே இழுத்துக் காட்டினான். தர்பூசணிக் கொடி.



பதினோரு மணிக்கு அப்பா பொறுமை இழந்தார். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிராகன் வரிசைக்குள் நுழைந்தார். மாறன் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டான். அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அவன் அழுதான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை: கண்ணீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவனைக் கீழே இறக்கிவிட்டார்.

"என்னடா பண்ணிட்டேன் நான் உன்ன?" என்றார். அப்பாதான் கேட்டார்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். வெயில் தலைக்கேறிவிட்டது, தண்ணீர் வேண்டும் என்று சொன்னேன்.

இப்போது மாலையில் நடந்தது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஏழு மணி இருக்கும். அம்மா சொன்னாள்: "புள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு. செவ்வாக்கெழம அந்தக் கோப்பையில எத்தன பேர் பாத்தாங்க." மூன்று காய்ந்த மிளகாய், கொஞ்சம் உப்பு, ஒரு கை கடுகு. மாறனைக் கட்டிலில் உட்காரவைத்து மூன்று முறை சுற்றினாள், துப்பச் சொன்னாள். அவன் காற்று போகாமல் பத்திரமாகத் துப்பினான். அப்பாவும் அத்தையும் கீழே போயிருந்தார்கள். நான் அறையில்தான் இருந்தேன். மின்சார அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு வார்த்தை முணுமுணுத்து, கையில் இருந்ததைக் கொட்டினாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள்.

வந்தது. என்ன நெடி! கடுகு வெடித்தது, புகை கூரைக்கு ஏறியது, கூரையில் புகையை மோப்பம் பிடிக்க வைத்திருந்த வெள்ளை வட்டம் அலற ஆரம்பித்தது. அந்த வட்டம் மற்ற வட்டங்களுக்குச் சொல்ல, ஒரு நிமிடத்தில் மூன்று மாடியும் அலறியது. படிக்கட்டில் சனம். துண்டு கட்டியவர்கள், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர், டிராகன் உடை போட்ட ஒரு பொடிசு. எல்லோரும் இருமிக்கொண்டே வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போன இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் அம்மாவின் வாணலி.

அப்பா தனக்குத் தெரிந்த ஐம்பது பிரெஞ்சு வார்த்தைகளில் முப்பது முறை மன்னிப்பு என்பதையே சொன்னார். அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தேன்மொழி, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? என் பேர்லதான் ரூம் போட்டிருக்கு. இருவது வருஷமா இந்த நாட்டுல தலை குனியாம இருந்துட்டேன். ஒரு மொளகாயில குனிய வச்சிட்டியே!"

"புள்ள ரெண்டு நாளா பேசலங்கண்ணி..."

"பேசலன்னா டாக்டர்கிட்ட காட்டுவியா, ரூமைக் கொளுத்துவியா?"

அப்பாவும் சேர்ந்துகொண்டார். "மூளைய ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியா?" துண்டு கட்டிய அத்தனை பேருக்கும் முன்னால். தமிழ் புரியாவிட்டால் என்ன, திட்டு எல்லாருக்கும் புரியும். அம்மா நெற்றியில் பொட்டில்லாமல், மாறனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "நெடி நல்லா வந்துச்சு. அப்ப கண்ணு இல்ல. அப்ப வேற என்ன?"

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். வாய் திறக்கவில்லை. குடும்பத்திலேயே காற்றை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரி நான்தான்.

மே 16, வெள்ளி

காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம்வரை இருந்திருக்க வேண்டியது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா குளியலறையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வந்தாள். விடுதி ஆட்களின் வேலை அது, இவள் ஏன் செய்தாளோ.

ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. பூங்காச் சீட்டு இன்று மத்தியானம்வரை செல்லும். "கடைசியா ஒரு தடவ டிராகன்கிட்ட போலாம்ப்பா" என்று கெஞ்சியது நான்தான். "நீயாடி?" என்றாள் அத்தை. மாறன் மறுக்கவில்லை, சும்மா நடந்தான். இரண்டு நாள் மௌனத்தில் மறுப்பதற்கும் அலுத்துவிட்டதோ என்னவோ.

காற்று அடித்தது. தொப்பிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு. டிராகன் வாசலில் சங்கிலி போட்டிருந்தார்கள். சீருடை போட்ட இளைஞன் ஒருவன் வானத்தைக் காட்டி, காற்று அதிகம், இன்று முழுக்க ஓடாது என்றான். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு எனக்கு அந்த அளவுக்குப் புரியும். புரியாமலே இருந்திருக்கலாம்.

நான் அவனிடம் கேட்டேன், உயரம் மட்டும் பார்க்க முடியுமா என்று. தப்பும் தவறுமாகத்தான் கேட்டேன். அவன் சங்கிலியைத் தூக்கி, மாறனைப் பார்த்து வா என்று தலையசைத்தான்.

மாறன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். அம்மா, "போ" என்றாள். போனான். மரடிராகனின் கைக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். குதிகாலைத் தூக்கவில்லை, முடியை உப்ப வைக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம். மரக்கை அவன் தலையில் பட்டது.

"பிராவோ!" என்றான் இளைஞன். நீ போதுமான உயரம் இருக்கிறாய், புதன்கிழமை வந்திருக்கக் கூடாதா, அன்றைக்குக் கூட்டமே இல்லையே என்றான்.

மாறன் தலையைத் தடவினான். பிறகு, தூசி பிடித்த மாதிரி ஒரு குரலில் பேசினான்:

"நான் சுருங்கலம்மா."

அத்தை, "அடக் கடவுளே, பேசிட்டான்!" என்றாள். அப்பா அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சுருங்கிடுவேன்னு யாருடா சொன்னா?"

மாறன் என்னை ஒரு தரம் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவன் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

"நான்தாம்ப்பா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பலூன், மறுபடி பொட்டு. சொல்லும்போது அது மிகச் சின்னதாக இருந்தது. இரண்டு விரற்கடைதானே.

அத்தை என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் அம்மாவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா சொன்னாள்: "தெரியும். கதவத் தொடைக்கும்போது பாத்தேன். பொட்டு ஒரு எடத்துல இருந்துச்சு, கோந்து இன்னும் ரெண்டு எடத்துல இருந்துச்சு. நேத்து அத்தன பேர் முன்னாடி நான் நின்னப்ப நீயும் பக்கத்துலதானே நின்ன. காலையிலயாவது சொல்லுவியான்னு பாத்தேன்."

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் வாயப் பொத்திக்கிட்டு நின்னப்போ, உனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

வந்தது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

மே 17, சனி

அப்பா அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். எனக்கும் ஒரு தம்ளர் இருந்தது. யாரும் எனக்கென்று சொல்லவில்லை.

மே 20, செவ்வாய். புதுச்சேரி

விமானத்தில் மாறன் ஜன்னலோரம். நான் பேசினால் பதில் சொல்கிறான். "ம்" என்கிறான், "சரி" என்கிறான். ஜூஸ் வேண்டுமா என்று கேட்டால், விமானப் பணிப்பெண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தலையாட்டுகிறான். மேகத்தைக் காட்டி அழகா இருக்கில்ல என்றேன். அது மேகம்தானா என்று அம்மாவிடம் கேட்டான்.

மே 25, ஞாயிறு

அடுக்களைக் கதவு. அப்பா அளந்தார். நூற்றைந்தே முக்கால். "அடேயப்பா" என்றார். போன மாதம் இப்படி ஒரு எண் வந்திருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். மாறன், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு பால் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு விளையாடப் போனான்.

பென்சிலை எடுத்துத் தர நான் கை நீட்டினேன். மாறன் முந்திக்கொண்டு எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டான்.

என் தேர்வு முடிவு வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஜூன் 7, சனி

தெருமுனைக் கோயிலில் திருவிழா. பொரி, பலூன், கையால் சுற்றுகிற மர ராட்டினம். நான்கு தொட்டில், ஒரு தொட்டிலுக்கு நான்கு பிள்ளைகள். உயரம் கேட்பதில்லை. அம்மா மாறனை ஏற்றிவிட்டாள். ராட்டினக்காரர், "கத்துனாத்தான் வேகமா சுத்துவேன்!" என்றார். பிள்ளைகள் எல்லாம் கத்தின. தெருவே அதிர்ந்தது. மாறன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடுகளை உள்ளே மடித்து உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குத் தெரியும், சுருங்கமாட்டான் என்று. மரக்கை தலையில் பட்டிருக்கிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

நான் கத்தினேன். என்னை யாரும் ஏற்றவில்லை, தரையில் நின்றபடியே கத்தினேன். பொரிக்கடைக்காரர் திரும்பினார். என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "ஆதிரை, என்னாடி ஆச்சு உனக்கு?" என்று அம்மா தோளைப் பிடித்தாள். மாறன் கீழே வரும்போதெல்லாம், "பார்டா, நான் கத்தறேன்! பார்த்துக்கிட்டே இரு!" என்று கத்தினேன். அவன் மேலே போனான், கீழே வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் என் கால் முதல் தலைவரை பார்த்தான். பலூனைப் பார்த்த அதே பார்வை. ராட்டினம் நிற்கும்வரை நான் நிறுத்தவில்லை.

அவன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இறங்கிய பிறகு அம்மாவின் கையை விட்டுவிட்டு என் பக்கத்தில் நடந்து வந்தான். அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. அம்மா பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

அப்பா டேப்பை எடுத்ததும், மாறன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மொதல்ல அக்கா" என்றான்.

அடுக்களைக் கதவில் முதுகை ஒட்டி நின்றேன். "சுருங்கலடா" என்று காற்றாகச் சொன்னேன்.

"நீ சொல்லாத. அப்பா பாக்கட்டும்."

"நூத்தி அம்பத்தெட்டு" என்றார் அப்பா.

"நேத்திக்கு முன்னாடி எவ்ளோ?"

அப்பா கதவில் தேடினார். என் தோளுக்குக் கீழே, மாறனின் கோடுகளுக்கெல்லாம் மேலே, மங்கிப்போய் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் என் பெயர், ஏழு வயது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்பா விரலை அந்தக் கோட்டின்மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "உன்ன அளக்கவே இல்லையேம்மா" என்றார், மெதுவாக.

மாறனுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. முன்னால் எவ்வளவு என்று தெரியாவிட்டால், குறைந்தேனா இல்லையா என்று எப்படித் தெரியும்? யோசித்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பென்சிலை அழுத்திப் பிடித்து, என் உச்சந்தலை நேராகத் தானே ஒரு கோடு போட்டான். விரலால் தேய்த்து, அழியாது என்று உறுதி செய்துகொண்டான்.

"நேத்திக்குக் கத்தினது போதாது. இந்த வாரமும் தெனமும் கத்தணும். அடுத்த ஞாயித்துக்கெழம இதே எடத்துல நில்லு. உன் தல இந்தக் கோட்டுலயே இருந்தா, நானும் கத்தறேன்."

சரி என்று தலையாட்டினேன். மாறன் முக்காலியிலிருந்து இறங்கி, அப்பாவைப் பார்த்துச் சொன்னான்: "அதுவரைக்கும் கோட்ட நீ பாத்துக்கோப்பா. அக்கா தொடக் கூடாது."